ரைடர் கோப்பையை நேரில் பார்க்கப் போகிறீர்களா? அடேர் 2027-க்கான வழிகாட்டி

ஐரோப்பிய அணியும் அமெரிக்க அணியும் மோதும் ரைடர் கோப்பை கோல்ஃப் போட்டி, 2027 செப்டம்பர் 17, 18, 19 தேதிகளில் அயர்லாந்தில் நடக்கிறது. இடம், லிமரிக் கவுண்டியில் உள்ள அடேர் மேனர். 2023-இல் ரோம் அருகே மார்கோ சிமோனேயில் நடந்ததை நான் இந்தியப் பாஸ்போர்ட்டோடு போய்ப் பார்த்தேன். போட்டி அருமை. ஆனால் அங்கே போய்ச் சேரும்வரை எந்த வேலையை எப்போது செய்வது என்று தமிழில் சொல்ல ஆளில்லாமல் நிறையவே அலைந்தேன். முதல்முறை போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கோல்ஃப் நன்றாகத் தெரிந்தவர்களும் முதல் பகுதியைத் தாண்டிவிடாமல் படியுங்கள். பலர் டிக்கெட் கிடைத்த பிறகுதான் எந்த நாள் என்று யோசிக்கிறார்கள். அந்த வரிசையே தலைகீழ்.

1. முதலில் நாளை முடிவு செய்யுங்கள்

வழக்கமான கோல்ஃப் போட்டிக்குப் போனால் நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள் மைதானம் முழுக்கப் பரவியிருப்பார்கள். எங்கே நின்றாலும் சில நிமிடத்துக்கு ஒரு குழு உங்களைக் கடந்துபோகும். ரைடர் கோப்பை அப்படியில்லை. அணிக்கு 12 பேர்தான். வெள்ளி, சனி இரண்டு நாளும் காலையில் நான்கு ஆட்டம், மதியம் நான்கு ஆட்டம். ஒவ்வோர் ஆட்டத்திலும் பக்கத்துக்கு இரண்டு பேர். அதாவது, ஒரு நேரத்தில் மைதானத்தில் ஆடிக்கொண்டிருப்பது வெறும் 16 பேர், நான்கே குழுக்கள். அந்த நான்கு குழுக்களைச் சுற்றித்தான் அத்தனை ஆயிரம் பேரும் மொய்ப்பார்கள். இது தெரியாமல் போனால் வெள்ளிக்கிழமை முழுக்க அடுத்தவர் முதுகைத்தான் பார்ப்பீர்கள்.

ஞாயிறு வேறு மாதிரி. 12 தனி ஆட்டங்கள். 24 பேரும் களத்தில் இருப்பார்கள். மதியத்தை ஒட்டித் தொடங்கி, வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புவார்கள். நின்ற இடத்திலேயே எல்லோரையும் பார்த்துவிடலாம். சனிக்கிழமையே ஓர் அணி ரொம்ப முன்னால் போய்விட்டால் ஞாயிறு சப்பென்று ஆகிவிடாதா என்று கேட்பார்கள். 2025-இல் அமெரிக்காவின் பெத்பேஜ் மைதானத்தில் ஐரோப்பா 11.5 - 4.5 என்ற முன்னிலையோடு ஞாயிற்றுக்குள் நுழைந்தது. அப்படியிருந்தும் அமெரிக்கா விரட்டிக்கொண்டே வந்து, 15 - 13-இல்தான் முடிந்தது. ஒரே ஒரு நாள்தான் முடியும் என்றால் நான் ஞாயிற்றைத்தான் சொல்வேன்.

செவ்வாய், புதன், வியாழன் பயிற்சி நாட்கள். இவற்றை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் டிக்கெட் விலை குறைவு, கூட்டம் குறைவு. வீரர்களை மிக அருகில் பார்க்கலாம், குழந்தைகளுக்குக் கையெழுத்து கிடைக்கும் வாய்ப்பும் அப்போதுதான் அதிகம். மைதானத்தின் மேடு பள்ளம் எல்லாம் அன்றைக்கே மனதில் பதிந்துவிடும். குடும்பத்தோடு போகிறவர்கள் ஒரு பயிற்சி நாளும் ஞாயிறும் என்று திட்டமிட்டால் பணமும் மிச்சம், மனமும் நிறையும்.

2. டிக்கெட்

பொதுமக்களுக்கான டிக்கெட் குலுக்கல் முறையில்தான் வரும். ரைடர் கோப்பையின் அதிகாரபூர்வத் தளத்தில் கணக்கு தொடங்கி, விண்ணப்பம் திறக்கும்போது எந்த நாளுக்கு எத்தனை டிக்கெட் என்று பதிவு செய்ய வேண்டும். முந்திப் பதிவு செய்தால் முன்னுரிமை என்பதெல்லாம் கிடையாது. விண்ணப்பக் காலம் முடிவதற்குள் பதிவு செய்திருந்தால் போதும். பதிவு செய்த மின்னஞ்சல் முகவரியை மட்டும் நடுவில் மாற்றாதீர்கள். ஸ்பாம் பெட்டியைத் தவறாமல் பாருங்கள். தேர்வானவர்களுக்கு வரும் கடிதத்தில் ஒரு கெடு இருந்தால், அதற்குள் செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும்.

இந்தியாவிலிருந்து பணம் கட்டுகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். இங்கே வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதி நாமாகத் திறந்தால்தான் வேலை செய்யும். வங்கி ஆப்பில் அதைத் திறந்து, வரம்பையும் போதிய அளவு உயர்த்தி வைத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். கடைசி நாளில் அட்டை மறுக்கப்பட்டுக் கிடைத்த டிக்கெட்டை இழப்பதைப் போல் வயிற்றெரிச்சல் வேறில்லை.

விலை என்ன ஆகும்? ஐரோப்பாவில் நடக்கும்போதும் அமெரிக்காவில் நடக்கும்போதும் விலைப் பட்டியலில் பெரிய வித்தியாசம் இருக்கும். ரோமில் போட்டி நாள் ஒன்றுக்குப் பொது அனுமதி 260 யூரோ. இரண்டு ஆண்டு கழித்துப் பெத்பேஜில் அதே மாதிரி டிக்கெட் 749.51 டாலர், செவ்வாய், புதன் பயிற்சி நாட்களுக்கு 255 டாலர் சொச்சம். பெத்பேஜ் டிக்கெட்டில் சாப்பாடும் மது அல்லாத பானங்களும் அடக்கம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரோமில் எல்லாவற்றையும் நாம்தான் வாங்கிச் சாப்பிட்டோம். அடேர் டிக்கெட்டை வாங்கும்போது விலையோடு அதில் என்னென்ன அடக்கம் என்ற வரியையும் படித்துவிடுங்கள்.

குலுக்கலில் வராவிட்டால், அல்லது விண்ணப்பக் காலமே முடிந்துவிட்டிருந்தால், நேர்மையான வழிகள் இரண்டு. ஒன்று, அமைப்பாளர்களே அறிவிக்கும் மறுவிற்பனைத் தளம். போட்டி நெருங்க நெருங்க அதில் டிக்கெட் வரும். தினமும் பார்க்க வேண்டும். இன்னொன்று, அங்கீகாரம் பெற்ற பயண நிறுவனங்கள் விற்கும் பேக்கேஜ், அல்லது சாப்பாடும் உட்கார இடமும் சேர்ந்து வரும் விருந்தோம்பல் டிக்கெட். இவை விலை அதிகம், ஆனால் டிக்கெட் உண்மையானது. அந்த நிறுவனத்தின் பெயர் ரைடர் கோப்பை தளத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். இந்தியாவில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜ் வாங்கினால் விற்பவரே வாங்கி அரசுக்குக் கட்டும் டி.சி.எஸ். வரியைப் பிடிப்பார்கள். ரசீதை வைத்திருந்தால் வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

சமூக வலைத்தளத்தில் முன்பின் தெரியாதவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை டிக்கெட் என்று நம்பாதீர்கள். டிக்கெட் ஆப்புக்குள்தான் இருக்கும். ஆப் வழியாக உங்கள் கணக்குக்கு மாறினால்தான் அது உங்களுடையது. ரோமில் வாசல்வரை வந்து, செல்லாத டிக்கெட்டோடு திரும்பிப்போனவர்களைப் பார்த்தேன். அவர்களில் கைக்குழந்தையோடு வந்த ஒரு குடும்பமும் இருந்தது.

3. விசா தேவையா என்று பாருங்கள்

பெரிய பொறி இங்கேதான் இருக்கிறது. அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, யூரோவும் அங்கே புழங்குகிறது. ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வர வழிசெய்யும் ஷெங்கன் பகுதியில் இல்லை. உங்களிடம் பல ஆண்டுக்கான ஷெங்கன் விசா இருந்தாலும் அயர்லாந்துக்குள் நுழைய அது உதவாது. என்னிடம் ஒரு பயண முகவரே "ஐரோப்பாதானே, ஷெங்கன் போதும்" என்று சொன்னார். அதை நம்பி டிக்கெட் எடுத்திருந்தால் சென்னை விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

கையில் இருக்கும் பாஸ்போர்ட்டை வைத்துப் பாருங்கள்:

பிரிட்டன் பாஸ்போர்ட், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் பாஸ்போர்ட், சுவிஸ், நார்வே பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டாம். லண்டன், பாரிஸ், சூரிச், ஆஸ்லோ தமிழர்களில் குடியுரிமை வாங்கியவர்கள் நிம்மதியாக அடுத்த பகுதிக்குப் போகலாம். கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட்காரர்களுக்கும் குறுகிய காலப் பயணத்துக்கு விசா தேவையில்லை.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டும். எந்த நாட்டில் வசிக்கிறீர்கள் என்பது இதை மாற்றாது. லண்டனில் படிக்கும் மாணவர், ஜெர்மனியில் வேலை விசாவில் இருப்பவர் எல்லோருக்கும் இதே விதிதான். அயர்லாந்திலேயே வசிப்பவர்கள் தங்கள் வதிவிட அட்டை செப்டம்பர் கடைசிவரை செல்லுமா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

பெல்ஃபாஸ்டில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வட அயர்லாந்து எல்லையில் தடுப்பும் இல்லை, சோதனைச் சாவடியும் இல்லை. பேருந்தில் ஏறினால் டப்ளின் வந்துவிடும். அதற்காக விசா வேண்டாம் என்று ஆகாது. பேருந்தை நிறுத்திப் பாஸ்போர்ட் கேட்பதும் நடக்கிறது.

பிரிட்டன் குறுகிய கால விசா வாங்கும் இந்தியர்களுக்கு, பிரிட்டன் - அயர்லாந்து கூட்டு விசாத் திட்டம் ஒன்று உண்டு. விசாவில் பி.ஐ.வி.எஸ். என்ற குறிப்பு இருந்தால் அதே விசாவில் அயர்லாந்துக்கும் போகலாம். ஆனால் விசா கொடுத்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும். பிரிட்டனில் படிக்கவோ வேலை செய்யவோ வாங்கிய நீண்ட கால விசாவுக்கு இது பொருந்தாது.

4. அயர்லாந்து விசா: காகிதங்களும் காலமும்

உங்களுக்கு வேண்டியது 'சி' வகைக் குறுகிய கால விசா. கட்டணம் ஒருமுறை நுழைய 60 யூரோ, பலமுறை நுழைய 100 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பி வராது.

பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்புதான் விண்ணப்பிக்கலாம். செப்டம்பர் 14 அளவில் கிளம்புகிறீர்கள் என்றால் ஜூன் நடுவில் கதவு திறக்கும். எட்டு வாரம் ஆகும் என்று கணக்கு வையுங்கள். கூடுதலாகவும் ஆகலாம், ஏனென்றால் அயர்லாந்து பல்கலைக்கழகங்களில் சேரும் மாணவர்கள் எல்லோரும் அதே கோடைக்காலத்தில்தான் விண்ணப்பிப்பார்கள். அதனால் ஜூன் நடுவிலேயே கொடுத்துவிடுங்கள். ஆகஸ்டில் கொடுத்துவிட்டு மைதானத்துக்குப் போகலாம் என்று நம்புவது வீண்.

விண்ணப்பம் ஏவாட்ஸ் என்னும் இணையப் படிவத்தில் தொடங்குகிறது. முடித்ததும் ஒரு சுருக்கப் படிவம் வரும். அதை அச்செடுத்துக் கையெழுத்திட்டு மற்றக் காகிதங்களோடு மையத்தில் கொடுக்க வேண்டும். இந்தியாவில் விண்ணப்பிப்பவர்கள் விரல்ரேகையும் பதிய வேண்டும், எனவே நேரில் போக வேண்டியிருக்கும்.

காகிதங்களில் கவனம் வைக்க வேண்டியவை இவை:

விண்ணப்பக் கடிதம். இது நீங்களே எழுதிக் கையெழுத்திடுவது. எதற்குப் போகிறீர்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எங்கே தங்குகிறீர்கள், செலவு யாருடையது, முடிந்ததும் நாடு திரும்புவீர்கள் என்ற உறுதி, இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். ரைடர் கோப்பை டிக்கெட் உறுதியான மின்னஞ்சலை இதோடு இணையுங்கள். "சுற்றுலா" என்று பொதுவாக எழுதுவதைவிட, குறிப்பிட்ட நிகழ்ச்சியும் அதற்கான டிக்கெட்டும் இருப்பது உங்கள் விண்ணப்பத்துக்கு நல்ல பலம்.

வங்கிக் கணக்கு விவரம், ஆறு மாதத்துக்கு. உங்கள் பெயர், முகவரி, கணக்கு எண் அதில் இருக்க வேண்டும். இணையத்தில் எடுத்த அச்சு என்றால் ஒவ்வொரு பக்கத்திலும் வங்கியின் முத்திரை வேண்டும். இதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். கணக்கில் பணம் அதிகமாகத் தெரியட்டும் என்று விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் உறவினரிடம் வாங்கி லட்சங்களைப் போடுவார்கள். அது உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும். வழக்கத்துக்கு மாறான பெரிய வரவு எதுவாக இருந்தாலும் அது எங்கிருந்து வந்தது என்று காகிதத்தோடு விளக்க வேண்டும். நிலம் விற்ற பணமா, சீட்டு எடுத்த பணமா, எழுதிவிடுங்கள்.

வேலைக்கான சான்று. நிறுவனத்தின் கடிதத்தில் எப்போதிலிருந்து வேலை செய்கிறீர்கள், எந்தத் தேதிகளில் விடுப்பு, எப்போது திரும்ப வேலைக்கு வருவீர்கள் என்பவை இருக்க வேண்டும். கூடவே மூன்று மாதச் சம்பளச் சீட்டு. சொந்தத் தொழில் என்றால் தொழில் பதிவுச் சான்றும் வருமான வரிக் கணக்கும்.

பாஸ்போர்ட். அயர்லாந்தை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். பழைய பாஸ்போர்ட்டுகள் இருந்தால் அவற்றின் நகலும் வையுங்கள்.

பழைய மறுப்புகள். எந்த நாடு எப்போது விசா மறுத்திருந்தாலும் மறைக்காமல் சொல்லி, அந்தக் கடிதத்தையும் இணையுங்கள். முன்பு மறுத்தார்கள் என்பதற்காக மட்டும் இப்போதும் மறுத்துவிட மாட்டார்கள். மறைத்தது தெரிந்தால் அதுவே மறுக்கக் காரணமாகிவிடும்.

மொழிபெயர்ப்பு. பட்டா, சிட்டா, திருமணச் சான்று போன்றவை தமிழில் இருந்தால், சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். கடைசி வாரத்தில் இதற்கு ஆள் தேடாதீர்கள்.

இவற்றோடு தங்குமிடப் பதிவு, மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு, புகைப்படங்கள். திரும்பக் கிடைக்க வேண்டிய அசல் ஆவணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் சேர்த்து வையுங்கள்.

விமான டிக்கெட்டை விசா வருவதற்குமுன் வாங்க வேண்டாம் என்று அயர்லாந்து அரசே சொல்கிறது. அதைக் கேளுங்கள். பயணத் திட்டத்தை எழுதிக் கொடுத்தால் போதும். மறுக்கப்பட்டால் இரண்டு மாதத்துக்குள் கட்டணமில்லாமல் மேல்முறையீடு செய்யலாம். மறுப்புக் கடிதத்தில் சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் தனித்தனியாகப் பதிலும் ஆதாரமும் கொடுக்க வேண்டும். இதற்கும் காலம் வேண்டுமே. ஜூனில் கொடுக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

5. தங்குமிடம்

அடேர் சின்னக் கிராமம். கூரை வேய்ந்த குடிசை வீடுகளுக்குப் பேர்போன, அழகான ஊர். அங்கே அறை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பக்கத்து நகரம் லிமரிக், சுமார் 16 கிலோமீட்டர். எல்லோரும் முதலில் தேடுவது அங்கேதான், விலை ஏறுவதும் அங்கேதான். கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். வடக்கே எனிஸ், தெற்கே கார்க், மேற்கே டிராலி, கில்லார்னி. கார்க், கில்லார்னி இரண்டும் அடேரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். சாலை வழியே ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம், போட்டி நாளில் கூடும்.

ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையை இப்போதே பிடித்து வையுங்கள். விசா விண்ணப்பத்துக்கும் அது பயன்படும். டிக்கெட்டோ விசாவோ கிடைக்காவிட்டால் நஷ்டம் இல்லை. எந்தத் தேதிவரை இலவசமாக ரத்து செய்யலாம் என்பதைக் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும். தனியார் வீட்டை வாடகைக்கு எடுப்பதானால், பணத்தைத் தளத்துக்கு வெளியே நேராக அனுப்பச் சொல்கிறவரை உடனே விட்டுவிடுங்கள். இப்படிப்பட்ட வாரங்களில் இல்லாத வீட்டுக்கு வாடகை வாங்குகிறவர்கள் முளைப்பார்கள்.

6. விமானமும் தரைவழியும்

மைதானத்துக்கு அருகில் உள்ள பன்னாட்டு விமான நிலையம் ஷானன். அமெரிக்காவிலிருந்தும் லண்டனிலிருந்தும் அங்கே நேரடி விமானம் உண்டு. சென்னை, கொழும்பிலிருந்து வருகிறவர்கள் துபாய், அபுதாபி, தோஹா வழியாக டப்ளினில் இறங்குவதே நல்லது. லண்டன் வழி மாறினால் பிரிட்டன் விசா விதி குறுக்கே வரும். சில ஐரோப்பிய நகரங்கள் வழியே வந்தால், நிலையத்தை விட்டு வெளியே போகாவிட்டாலும் இடைமாற்ற விசா கேட்கலாம். வளைகுடா வழியில் இந்தத் தலைவலி கிடையாது.

டப்ளினிலிருந்து லிமரிக் சுமார் 200 கிலோமீட்டர். டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்தில் ஏறினால் லிமரிக் கோல்பர்ட் நிலையத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். பல ரயில்களில் லிமரிக் ஜங்ஷனில் மாற வேண்டும். அந்தப் பெயரைப் பார்த்து லிமரிக் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், அது நகரத்திலிருந்து வெகுதூரம். விமான நிலையத்திலிருந்து நேராக லிமரிக் போகும் பேருந்துகளும் உண்டு. பெட்டி அதிகம் என்றால் அதுதான் வசதி.

கார் வாடகைக்கு எடுக்கலாமா? அயர்லாந்திலும் இடப்பக்க ஓட்டம்தான், நமக்குச் சிரமமில்லை. ஆனால் போட்டி நாளில் கார் மைதானத்தின் அருகே போகாது. ஒதுக்கிய இடத்தில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து ஷட்டில் பேருந்தில் போவதுதான் ரைடர் கோப்பையில் வழக்கம். நிறுத்துமிடத்துக்கு முன்பதிவு தேவையா என்று டிக்கெட்டோடு வரும் அறிவிப்பில் பாருங்கள்.

நேரக் கணக்கு முக்கியம். செப்டம்பர் நடுவில் லிமரிக்கில் சூரியன் உதிப்பது ஏறத்தாழ காலை 7 மணி 10 நிமிடத்துக்கு. ரோமில் முதல் ஆட்டம் 7.35-க்குத் தொடங்கியது. அடேரிலும் விடிந்த கையோடு தொடங்கும் என்று எதிர்பார்க்கலாம். அப்படியென்றால் நீங்கள் வீட்டைவிட்டுக் கிளம்புவது நல்ல இருட்டில். கார்க்கில் தங்கினால் மூன்று மணிக்கே எழ வேண்டும். விலையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

7. என்ன எடுத்துப்போவது

சிறிய பைக்குத்தான் அனுமதி. பெத்பேஜில் ஒளிபுகும் பைகளுக்கே 12 அங்குலம்தான் எல்லை. அடேருக்கான அளவை அறிவித்ததும் அதற்கேற்ற பையை வாங்கிக்கொள்ளுங்கள். வாசலில் பெரிய பையை வைத்துவிட்டுப் போக இடம் இருக்காது.

அயர்லாந்துச் செப்டம்பர் பெரும்பாலும் 10 முதல் 17 டிகிரிக்குள். ஒரே நாளில் வெயிலும் வரும், சாரலும் வரும். குடையைவிடத் தொப்பி வைத்த மழைக்கோட்டே மேல். கூட்டத்தில் குடை விரித்தால் பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. நனையாத, பிடிப்புள்ள காலணி கட்டாயம். புல்சரிவில் நாள் முழுக்க நடப்பீர்கள். ஈரத்தில் சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூ வழுக்கும்.

பவர் பேங்க் மறக்காதீர்கள். டிக்கெட் ஃபோனுக்குள் இருக்கிறது, சார்ஜ் போனால் வாசலில் நிற்க வேண்டியதுதான். டிக்கெட்டை முதல் நாள் இரவே திறந்து பார்த்துவிடுங்கள், கூட்டத்தில் நெட்வொர்க் படுத்தும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டே போங்கள். உள்ளே உருளைக்கிழங்கு வறுவல்தான் பெரும்பாலும் துணை.

8. ஸ்கோரைப் படிக்கும் விதம்

ரைடர் கோப்பை 'மேட்ச் பிளே' முறை, அதாவது ஹோல் கணக்கு. டீ என்னும் தொடக்க இடத்தில் அடிக்கத் தொடங்கி, கிரீன் என்னும் வழவழப்பான புல்தரையில் உள்ள குழியில் பந்தைப் போடுவதுவரை ஒரு ஹோல். இப்படி 18 ஹோல். ஒரு ஹோலைக் குறைந்த அடியில் முடிக்கும் பக்கம் அந்த ஹோலை வெல்லும். மொத்த அடிகளை எண்ண வேண்டாம். பலகையில் '4 & 3' என்று வந்தால், மூன்று ஹோல் மிச்சம் இருக்கும்போதே நான்கு முன்னிலை, ஆட்டம் அங்கேயே முடிந்தது என்று பொருள். ஃபோர்சம்ஸ் என்றால் இருவர் ஒரே பந்தை மாறி மாறி அடிப்பது. ஃபோர்பால் என்றால் நால்வரும் அவரவர் பந்தை ஆடி, பக்கத்துக்கு ஒரு சிறந்த ஸ்கோரை எடுப்பது.

ஆட்டத்துக்கு ஒரு புள்ளி, சமன் ஆனால் பக்கத்துக்கு அரைப் புள்ளி. மொத்தம் 28 புள்ளிகள். 2025-இல் வென்றது ஐரோப்பா என்பதால் 14 வந்தாலே கோப்பை அவர்களிடம் தங்கிவிடும். அமெரிக்காவுக்கு 14.5 வேண்டும். ஞாயிறு மாலை ஓர் அரைப் புள்ளிக்குக் கூட்டம் ஏன் அப்படிக் கத்துகிறது என்பது இந்தக் கணக்கு தெரிந்தால்தான் புரியும்.

9. எங்கே நிற்பது

கோல்ஃப் போட்டி என்றால் 18-வது ஹோல் கிரீனில் இடம் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் எல்லோருக்கும் உண்டு. மேட்ச் பிளேயில் அது சரிவராது. ரோமில் வெள்ளிக்கிழமைக் காலை நான்கு ஆட்டங்களின் முடிவு என்ன தெரியுமா? 4 & 3, 4 & 3, 2 & 1, 2 & 1. ஒன்றுகூட 18-வது ஹோலுக்கு வரவில்லை. அங்கே விடியற்காலையிலிருந்து இடம் பிடித்து உட்கார்ந்திருந்தவர்கள் ஓர் அடியைக்கூடப் பார்க்கவில்லை. சனிக்கிழமை இன்னும் மோசம். ஐரோப்பாவின் ஹோவ்லண்ட் - ஓபெரி ஜோடி, அமெரிக்காவின் ஷெஃப்லர் - கெப்கா ஜோடியை 9 & 7 என்று வென்றது. அந்த ஆட்டம் 11-வது ஹோலிலேயே முடிந்துபோனது.

அதனால் வெள்ளி, சனியில் முதல் ஒன்பது ஹோல்களின் பின்பாதியிலோ, 10 முதல் 14 வரையிலோ ஒரு மேட்டைத் தேடுங்கள். ஒரு கிரீனும் அடுத்த டீயும் சேர்ந்து தெரிகிற இடமாக, பக்கத்தில் பெரிய திரை உள்ளதாக இருந்தால் உத்தமம். நான்கு ஆட்டமும் உங்களிடம் வரும். கடைசி ஆட்டம் கடந்ததும் அதன் பின்னால் ஓடாதீர்கள். மதிய ஆட்டங்கள் தொடங்கும் முன் சாப்பிட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போய் உட்காருங்கள். ஓர் ஆட்டத்தையே பின்தொடர வேண்டும் என்றால், ஒரு ஹோல் முன்னால் நடங்கள். வீரர்கள் 6-இல் இருக்கும்போது நீங்கள் 7-வது கிரீனில் இருக்க வேண்டும்.

முதல் டீயைச் சுற்றியுள்ள பார்வையாளர் கேலரியின் பாட்டும் ஆரவாரமும் வாழ்நாளில் ஒருமுறையாவது கேட்க வேண்டியவை. ஆனால் அதற்கு வாசல் திறக்கும்போதே வரிசையில் இருக்க வேண்டும், திறந்ததும் எல்லோரும் ஓடுவார்கள். பெரியவர்களோ குழந்தைகளோ உடனிருந்தால் இதைத் தவிர்த்துவிடுங்கள். வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை பாருங்கள், 12 ஆட்டமும் கிளம்ப இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆகும். முதல் சில ஆட்டங்கள் போனதும் இடம் காலியாகத் தொடங்கும்.

கத்தலாம், பாடலாம். வீரர் பந்தின்முன் நின்றதும் மட்டும் அமைதி, அசையவும் கூடாது. ஃபோன் ஒலி அணைந்திருக்க வேண்டும். பெத்பேஜில் ஐரோப்பிய அணியின் ரோரி மெக்கில்ராயைச் சிலர் வசைபாடியது உலகம் முழுக்கச் செய்தியானது. எதிரணியின் தவறுக்குக் கை தட்டாமல் இருப்பதும் நல்ல ஷாட் யார் அடித்தாலும் பாராட்டுவதும்தான் இந்த ஆட்டத்தின் அழகு. அயர்லாந்துக்காரர்கள் நல்ல ஷாட்டைக் கண்டால் விடமாட்டார்கள், நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.

10. திரும்பும் நாள்

ஞாயிறு இரவு விமானம் போடாதீர்கள். ஆட்டம் மாலையில் முடியும், பரிசளிப்பு அதற்குப் பிறகு, ஷட்டில் வரிசை அதற்கும் பிறகு. லிமரிக் வந்து சேரவே இரவாகிவிடும்.

திங்கள் காலையும் வேண்டாம் என்பேன். 2010-இல் வேல்ஸில் உள்ள கெல்டிக் மேனரில் மழை கொட்டித் தீர்த்து, போட்டி திங்கட்கிழமைதான் முடிந்தது. அயர்லாந்து மழைக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. திங்கள் இரவுவரை அறையை வைத்துக்கொண்டு செவ்வாய், செப்டம்பர் 21-க்கு விமானம் எடுங்கள். விசா விண்ணப்பத்திலும் விடுப்புக் கடிதத்திலும் அதே தேதியையே எழுதுங்கள். ஆவணத்துக்கு ஆவணம் தேதி மாறினால் விசா அதிகாரி கேள்வி கேட்பார்.